பெயர் போடாத கரடு

எழுத உட்காரும்போதே மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். இந்த ஆண்டு மலரில் டாக்டர்கள் எழுதுவார்கள், வெளியூர் விஞ்ஞானிகள் எழுதுவார்கள். நான் பன்னிரண்டாவதோடு நின்றவள். நாலு பேர் உட்கார்ந்திருக்கும் அறைக்குள் தேநீர்த் தட்டைக் கொண்டுபோய் வைக்கவே எனக்குக் கூச்சமாக இருக்கும். வைத்துவிட்டு யார் முகத்தையும் பார்க்காமல் திரும்பி வந்துவிடுவேன். நம் நிறுவனத்தின் அருங்காட்சியகத்தில் பாட்டில்களுக்கு நடுவே வேலை பார்த்து, போன வருடம் விருப்ப ஓய்வில் வெளியே வந்தேன். எழுத்துப் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். கருத்தைத் திருத்த வேண்டாம்.

எழுத வைத்தது கீர்த்தனா. நம்மிடம் ஆராய்ச்சி செய்யும் பெண். போன மாதம் போன் செய்தாள். வால்பாறைப் பக்கம் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே தப்பிக் கிடக்கும் ஒரு துண்டுச் சோலையில் புதுத் தவளை ஒன்றைக் கண்டுபிடித்து, கட்டுரையும் வெளிவந்துவிட்டதாம். சந்தோஷமாக இருந்தது. அப்புறம் அவள் சொன்னாள்: “எந்தச் சோலைன்னு எங்கயுமே போடலக்கா. மறைச்சிட்டோம். நம்ம வேலுச்சாமி சார் கொண்டுவந்த வழக்கம்தானுங்களே. இனி அது பத்திரமா இருக்கும்.”

நான் போனை வைத்துவிட்டேன். திரும்பக் கூப்பிட்டாள்.

“ஏனுங்க ஸ்டெல்லாக்கா, கோவமா?”

“கோவந்தான் கண்ணு. எனக்குப் பேச வராது. எழுதித் தாரேன், படி.”

நான் கருமத்தம்பட்டிக்காரி. அப்பா தறி ஓட்டினார். கோயில் பாடற்குழுவில்கூடக் கடைசி வரிசையில் நின்று உதட்டை மட்டும் அசைத்தவள் நான். பங்குச் சாமியார் சொல்லித்தான் அட்டெண்டர் வேலைக்கு மனுப் போட்டேன். முதலில் தூசி தட்டினேன், பிறகு பாட்டில் கழுவினேன், பிறகு பாட்டிலுக்குள் போவதைத் தொட விட்டார்கள். சேலையில் ஃபார்மலின் வாடை ஏறிவிட்டால் சாயங்காலப் பஸ்ஸில் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள். எனக்கு அது வசதியாகவே இருந்தது. வேலை பழகிய காலத்தைப் பற்றிச் சொல்ல இவ்வளவுதான்.

செய்த வேலையைச் சொல்ல வேண்டும். அதைச் சொன்னால்தான் என் கோபம் புரியும்.

பிடித்து வந்த பல்லிக்கு முதலில் மருந்து கொடுத்து அடங்க வைக்க வேண்டும். துடிப்பு முழுசாக நின்றதா என்று பார்க்காமல் கை வைக்கக் கூடாது. பிறகு வயிற்றோரம் சின்னதாகக் கீறி, ஈரலில் அரிசிக் குருணை அளவு எடுத்துச் சுத்த ஆல்கஹாலில் போட வேண்டும். இதை ஃபார்மலின் படுவதற்கு முன்னால் செய்துவிட வேண்டும். ஃபார்மலின் பட்ட சதையில் மரபணுவைப் படிப்பது பெரும்பாடு. அதன் பிறகு தட்டில் ஈரத்துணி விரித்து, பல்லியைக் குப்புறப் படுக்க வைத்து, கை கால்களை ஒரே மாதிரி மடக்கி, ஒவ்வொரு விரலையும் தனித்தனியாக விரித்துவிட வேண்டும். வால் பக்கம் போகும்போது நான் மூச்சை அடக்கிக்கொள்வேன். செத்த பிறகும் பல்லிக்கு வால் ஒடியும். மெல்லிய ஊசியால் வயிற்றிலும் வாலடியிலும் ஃபார்மலின் ஏற்றி, மேலே ஈரத்துணி போர்த்தி மூடி வைத்தால் வைத்த நிலையிலேயே விறைத்துக்கொள்ளும். விறைத்த பிறகு விரலை விரிக்க நினைத்தால் விரல்தான் கையோடு வரும். அப்புறம் தண்ணீரில் ஊற வைத்து ஆல்கஹால் பாட்டிலுக்கு மாற்றுவோம். கடைசியில் முழங்காலுக்கு மேலே வெள்ளைப் பருத்தி நூலில் எண் அட்டை கட்ட வேண்டும். இறுக்கினால் கால் அறுபடும். தளர விட்டால் அட்டை கழன்று மிதக்கும். எண் கழன்றுபோன பல்லி எந்த ஊர்ப் பல்லியும் இல்லை.

எங்கள் தெருப் பெண்கள் கேட்பார்கள், பல்லியைக் கொல்வது பாவமில்லையா என்று. பாவம்தான். ஆனால் ஒரு உயிருக்கு உலகம் ஒப்புக்கொள்கிற பெயர் வேண்டும் என்றால் அதில் ஒன்று பாட்டிலுக்குள் போயாக வேண்டும் என்பது இந்தத் தொழிலின் விதி. அந்த ஒன்று செத்ததற்கு அதன் இனம் பிழைக்க வேண்டும். அப்படி நினைத்துத்தான் இத்தனை வருடம் நூல் கட்டினேன்.

எனக்கு மேலதிகாரி வேலுச்சாமி சார். ஊர்வன பிரிவுக்குத் தலைவர். காங்கேயம் பக்கம் பெரிய தோட்டக்காரக் குடும்பம். தோட்டத்தை அண்ணனிடம் விட்டுவிட்டு ஓணான் பின்னால் வந்துவிட்டார் என்று அவர் வீட்டில் இன்னும் வருத்தம். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. அவருக்குக் கோபம் வந்தால் மரியாதை கூடும். சாதாரண நாளில் “அப்படிங்களா” என்பார். கோபமான நாளில் “அப்படிங்களாங்க” என்பார். ஆராய்ச்சி மாணவர்கள் அந்த இரண்டாவது ‘ங்க’வுக்கு நடுங்குவார்கள். காட்டுக்குப் போனால் கைக்கடிகாரத்தைக் கழற்றி டிரைவரிடம் கொடுத்துவிட்டு, ஒரு பாறையில் உட்கார்ந்துகொள்வார். தேட மாட்டார். “நாம அசையாம இருந்தா அதுகளே நம்மளப் பாக்க வருமுங்க” என்பார். பல்லிகள் வரும். அவர் செருப்பின் மேல் ஏறிப் போன பல்லியை நான் பார்த்திருக்கிறேன்.

ஆய்வகத்தில் யாராவது “புதுசு சார்” என்று ஓடி வந்தால், “புதுசுங்கறத அப்பறம் பாக்கலாம், மொதல்ல செதில எண்ணுங்க” என்பார். ஆண் பல்லியின் தொடைக்கு அடியில் மெழுகு கசியும் சின்னத் துளைகள் இருக்கும். எத்தனை, எந்த வரிசையில் என்பது இனத்துக்கு இனம் மாறும். அவர் லென்ஸ் வழியாக எண்ணிச் சொல்வார். அப்புறம் பல்லியை என்னிடம் தந்து என்னை எண்ணச் சொல்வார். இரண்டும் ஒன்றாக வந்தால்தான் குறிப்பார். அவரை நான் மதித்தேன். இப்போதும் மதிக்கிறேன். அதனால்தான் இத்தனை கோபம்.

அவர் ஏன் இடத்தை மறைக்க ஆரம்பித்தார் என்பதைச் சொல்லாவிட்டால் அவருக்கு நியாயம் செய்தவள் ஆக மாட்டேன்.

உடுமலைப்பேட்டையைத் தாண்டி, அமராவதி அணைப் பக்கத்தில் வயசான புளியமரங்களின் பொந்துகளில் ஒரு பெரிய சிலந்தி இருந்தது. உள்ளங்கை அகலம், கால்களில் மஞ்சளும் கறுப்பும். பல்லி தேடப் போன இடத்தில் கண்டு, சார்தான் அதைப் பற்றி முதன்முதலில் கட்டுரை எழுதினார். எழுதியபோது ஊர்ப் பெயர், வரைபடம், மரம் நிற்கும் ரோடு எல்லாம் போட்டார். அப்போது அதுதான் முறை. அடுத்த மழைக்காலத்துக்கு முன்னால் திரும்பப் போனோம். மரங்களின் பட்டையைக் கடப்பாரை போட்டு உரித்திருந்தார்கள். ஒரு சிலந்திகூட இல்லை.

ரோட்டோர டீக்கடைக்காரர் கண்ணாடிக் குவளையைத் துடைத்தபடியே சொன்னார்: “உங்க ஆளுங்கன்னுதானுங்க நெனச்சோம். உங்க கட்டுரையோட நகல் கையில வெச்சிருந்தாங்க. படத்தக் காட்டிக் கேட்டாங்க, நான் மரத்தக் காட்டினேன். டப்பாவுல போட்டுக் கொண்டுபோனாங்க. வெளிநாட்டுல ஊட்டுல வெச்சு வளப்பாங்களாமுங்களே?”

சார் டீயைக் குடிக்கவில்லை. ஜீப்பில் ஏறி உட்கார்ந்து, “நாந்தானுங்க வழி போட்டுக் குடுத்துபோட்டேன்” என்றார்.

அதற்குப் பிறகு அவர் எந்தக் கட்டுரையிலும் இடத்தின் பெயரைப் போடவில்லை. மாவட்டத்தை மட்டும் போடுவார். நிறுவனமும் அதையே விதியாக்கியது. எல்லாரும் பாராட்டினார்கள். எனக்கும் அன்றைக்கு அது சரியாகத்தான் பட்டது.

இனி கரட்டைப் பற்றி.

சூலூருக்குத் தெற்கே, தறிச் சத்தம் ஓய்ந்து கொறங்காடு என்கிற மேய்ச்சல் நிலமும் கிளுவை முள்வேலியும் தொடங்குகிற இடத்தில் ஒரு பாறைக் கரடு. பெரிய மலை இல்லை. உச்சியில் நின்றால் விமானப்படைத் தளத்தில் இருந்து கிளம்பும் விமானத்தின் வயிறு தெரியும். ஒரு பக்கம் முதுகு வளைந்தாற்போல் இருக்கும். அதன் பெயர் கூனக்கரடு. எந்த ஆராய்ச்சிக் கட்டுரையும் உரிய காலத்தில் சொல்லாத பெயர். இங்கே அச்சாகட்டும்.

அரசாங்கக் கணக்கில் அதற்குப் பெயர் கிடையாது. ஒரு சர்வே எண்ணும் அதற்கு எதிரில் ‘கல்லாங்குத்து’ என்ற ஒரு சொல்லும்தான் உண்டு. கல் மண்டிய, விவசாயத்துக்கு ஆகாத இடம் என்று அர்த்தம். பயிர் வராது, அதனால் தீர்வை கிடையாது. தீர்வை இல்லாத இடத்தில் உயிரும் இருக்காது என்பது எழுதினவர்களின் எண்ணமாக இருக்க வேண்டும்.

சார் வழக்கம்போல ஒரு தொங்குபாறையின் நிழலில் உட்கார்ந்தார். சற்று நேரத்தில் எதிர்ப்பாறை வெடிப்பில் இருந்து சுண்டுவிரல் நீளத்தில் ஒன்று வெளியே வந்தது. பட்டப்பகலில் நடமாடும் பல்லி. ஆணுக்குத் தொண்டை ஆவாரம்பூ மஞ்சள். வீட்டுப்பல்லியின் கண்ணில் பாவை கோடாக இருக்கும், இதற்கு உருண்டை. வீட்டுப்பல்லியின் விரல் தட்டையாக விரிந்திருக்கும், இதற்குக் குருவி விரல்போல் மெலிந்து வளைந்திருந்தது. சாரின் காது மடல் சிவந்துவிட்டது. அப்படிச் சிவந்தால் விஷயம் உண்டு என்று எனக்குத் தெரியும்.

அதற்கடுத்த மாதங்களில் சுற்று வட்டாரத்துக் கரடுகளில் எல்லாம் ஏறினோம். பல கரடுகள் ஏற்கெனவே கல்குவாரிக் குழியாகிப் பச்சைத் தண்ணீர் தேங்கிக் கிடந்தன. மிச்சமிருந்தவற்றில் இந்தப் பல்லி இல்லை. எங்களுக்குத் தெரிந்த வரையில் உலகத்தில் அதற்கு வீடு கூனக்கரடு ஒன்றுதான்.

அங்கே வெள்ளாடு மேய்த்துக்கொண்டிருந்த ராமாத்தாளைச் சொல்ல வேண்டும். கரட்டடியில் ஓட்டு வீடு. முதல் நாள் எங்களைப் பார்த்ததும், “ஏனுங்க, கல்லு அளக்க வந்தவிங்களா?” என்றாள்.

“இல்லீங்கம்மா, பல்லி பாக்க வந்தோம்” என்றார் சார்.

“பல்லிக்கா ஜீப்புப் போட்டுட்டு வந்தீங்க? எங்கூட்டுச் செவுத்துல வேணுங்கற மட்டும் இருக்குது, வந்து பாத்துக்கறதுதானே.”

சார் சிரித்துவிட்டார். அந்தப் பல்லியைக் காட்டி, இது இந்தக் கரட்டைத் தவிர வேறெங்கும் இல்லை போலிருக்கிறது என்று விளக்கினார். ராமாத்தாள் இடுப்பில் கை வைத்து அதை வெகு நேரம் பார்த்தாள். “நம்மூருல வேற எங்கயும் கெடைக்காத சாமானும் ஒண்ணு இருக்குதாக்கும்” என்றாள்.

கிளம்பும்போது சார் அவளிடம் கேட்டுக்கொண்டார்: “யாரு வந்து கேட்டாலும் இல்லைன்னு சொல்லிருங்க. படத்தக் காட்டினாலும் பாத்ததில்லைன்னு சொல்லிருங்க. ஆபீசரு மாதிரி வருவாங்க, நம்பிராதீங்க.”

“மாரியாத்தா மேல சத்தியமுங்க. எங்கூட்டுக்காரருகிட்டயே சொல்ல மாட்டேன். அவருகிட்டச் சொன்னா ஒலிபெருக்கி வெச்ச மாதிரி.”

கட்டுரை வந்தது. ஒரு பல்லிக்கு அது கிடைத்த மலையின் பெயரை வைப்பது வழக்கம். சார் வைக்கவில்லை. வைத்தால் இடம் தெரிந்துவிடும். ‘ஒளிந்திருப்பது’ என்று அர்த்தம் வருகிற லத்தீன் சொல்லை வைத்தார். இடம் என்ற பகுதியில் கோயம்புத்தூர் மாவட்டத்தில் ஒரு பாறைக்கரடு என்று மட்டும் எழுதினார். பாட்டிலின் மேல் நான் ஒட்டிய சீட்டிலும் அதே.

அடுத்த முறை போனபோது ராமாத்தாள் கேட்டாள். “எங்க கரட்டுப் பேர வெச்சீங்களா சாமி?”

“இல்லீங்கம்மா. ஒளிஞ்சிருக்கறதுன்னு வெச்சிருக்குதுங்க.”

“ஓ” என்றாள். பிறகு, “அதுவும் தேவலைங்க” என்று சொல்லிவிட்டு ஆட்டை ஓட்டிக்கொண்டு போனாள்.

சில வருடம் கழித்து கல்குவாரியும் எம்-சாண்ட் ஆலையும் அமைக்க கருத்துக்கேட்புக் கூட்டம் என்று பேப்பரில் அறிவிப்பு வந்தது. சர்வே எண் மட்டும் போட்டிருந்தார்கள். கரட்டின் பெயர் இல்லை. அந்த எண் எங்கள் இரண்டு பேருக்கும் மனப்பாடம்.

நான் வழக்கமாகச் சாரின் அறை வாசலில் நிற்பவள். அன்றைக்கு உள்ளே போய்விட்டேன்.

“சார், இப்ப பேரச் சொல்லிரலாங்க.”

“சொன்னா புடிச்சு விக்கற வேவாரிக வந்துருவாங்களே அம்மணி. புளியமரத்தப் பாத்தீங்கல்ல.”

“வேவாரி வந்தா கையில அள்ளறதத்தானுங்க கொண்டுபோவான். இவிங்க வந்தா கரட்டையே கொண்டுபோயிருவாங்க.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டினார். மறுபடி கழற்றித் துடைத்தார். கடைசியில் சரி என்றார். கூட்டத்தில் பேசப் பெயர் கொடுத்தார்.

கூட்டத்தன்று ஜீப்பில் போகும்போது நான் கேட்டேன், “மொதல்ல ராமாத்தாகிட்ட ஒரு வார்த்தை சொல்லிரலாங்களா சார், இனிமே மறைக்க வேண்டாமுன்னு?”

“கூட்டம் முடியட்டுமுங்க. அதுக்கு முன்னால வெளிய கசிய வேண்டாம்” என்றார்.

இந்த ஒரு வாக்கியத்தை நான் மறக்க மாட்டேன். வருடக்கணக்கில் மறைத்து மறைத்து, திறக்கிற அன்றைக்கும் அவருக்கு மறைக்கத்தான் வந்தது.

கல்யாண மண்டபத்தில் கூட்டம். முந்தைய முகூர்த்தத்தின் வாழைமரம் வாசலில் வாடிக்கொண்டு நின்றது. குவாரிக்காரர்கள் வேனில் ஆள் கூட்டி வந்திருந்தார்கள். எல்லாருக்கும் தண்ணீர் பாட்டிலும் மிக்சர் பொட்டலமும் கொடுத்தார்கள். எங்களுக்கும் கொடுத்தார்கள். “வாங்க சார், வாங்கம்மா, முன்னால உக்காருங்க” என்று நாற்காலி இழுத்துப் போட்டார்கள். மரியாதைக்கு ஒரு குறைச்சலும் இல்லை. நம் பக்கத்தில் கழுத்தை அறுப்பதாக இருந்தாலும் ‘கொஞ்சம் நிமித்துங்க’ என்றுதான் சொல்வார்கள்.

சுற்றுச்சூழல் அறிக்கை தயாரித்த கம்பெனிக்காரர், கழுத்துப்பட்டை கட்டிய ஒரு இளைஞர், மைக்கில் படித்தார். கரட்டில் உள்ள பறவைகள்: காக்கை, மைனா. விலங்குகள்: அணில், கீரி. ஊர்வன: ஓணான், அரணை, வீட்டுப்பல்லி. ஒரு வீடும் இல்லாத கரட்டின் மேல் வீட்டுப்பல்லி. அந்த மனிதர் கரட்டுக்கு வரவே இல்லை என்பதற்கு அந்த ஒரு சொல் போதும்.

ஊர்க்காரர்கள் பேசினார்கள். கிணறு வற்றும், தூசி வரும், வெடிக்குச் சுவர் விரியும் என்றார்கள். ராமாத்தாள் எழுந்து, ஆடு மேய்க்க வேறு இடமில்லை என்றாள். தலைமை தாங்கிய அதிகாரி நல்ல மனிதர்போலத்தான் தெரிந்தார். கையில் இருந்த தாளைப் பார்த்துவிட்டு அவளிடம் கேட்டார்:

“நீங்க தெனமும் மேல போறவங்க. அங்க ஏதோ அபூர்வமான பல்லி இருக்குதுன்னு ஒரு நிறுவனத்துல இருந்து பேசப் போறாங்களாம். நீங்க பாத்திருக்கீங்களாம்மா?”

ராமாத்தாள் கூட்டத்தில் என்னைத் தேடினாள். பார்த்துவிட்டாள். நான் தலையை ஆட்டினேன். ஆமாம் என்று சொல்லச் சொல்லித்தான் ஆட்டினேன். அவள் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டாள்.

“இல்லீங்க சாமி. பல்லியெல்லாம் ஒண்ணுமில்லீங்க. கண்ணாலங்கட்டி வந்த நாள்ல இருந்து அந்தக் கரட்டுலதானுங்க ஆடு மேய்க்கறேன். அப்படி ஒண்ணக் கண்டதே இல்லீங்க.”

எழுதுகிறவர் எழுதிக்கொண்டார். ராமாத்தாள் நேராக வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து என் கையைப் பிடித்தாள். “பாத்தீங்களா அம்மணி? எத்தாப் பெரிய ஆபீசரு கேட்டாரு. வாயத் தொறக்கல” என்றாள். அவள் முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.

அதற்குள் சாரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

சார் தெளிவாகப் பேசினார். கண்ணைப் பற்றியும் விரலைப் பற்றியும் சொன்னார். இந்தக் கரடு போனால் இந்த இனமே போய்விடும் என்றார். கட்டுரையை எடுத்து மேசையில் வைத்தார். கம்பெனிக்காரர் அதை வாங்கி முன்னும் பின்னும் புரட்டினார்.

“ஏனுங்க சார், இதுல கூனக்கரடுன்னு எங்க போட்டிருக்குதுங்க?”

“போடலீங்க. பாதுகாப்புக்காக மறைச்சிருக்கோம்.”

“உங்க கட்டுரையிலயே இல்லாத கரடு எங்க அறிக்கையில எப்படிங்க சார் இருக்கும்? மாவட்டத்துல எத்தனையோ கரடு இருக்குதுங்க. குவாரி வருதுன்னு தெரிஞ்சதுக்கப்பறம் இதுதான்னு சொன்னா எப்படிங்க?” வேனில் வந்தவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்காமல் தொடர்ந்தார். “பல்லியே இல்லைன்னு நாங்களும் சொல்லலீங்க. வீட்டுப்பல்லின்னு போட்டிருக்கோமுங்களே.”

“அப்படிங்களாங்க” என்றார் சார். அந்த இரண்டாவது ‘ங்க’வுக்கு அங்கே நடுங்க ஒருவரும் இல்லை.

அப்போதுதான் ராமாத்தாளுக்குப் புரிந்தது. என் கையை உதறிவிட்டு எழுந்தாள். “இருக்குதுங்க. சாமி, இருக்குதுங்க. மஞ்சத் தொண்டையோட, தொங்குபாறைக்குக் கீழ. நான் தெனம் பாக்கறேனுங்க.”

“ஏம்மா, இப்பத்தானே கண்டதே இல்லைன்னீங்க?” என்றார் அதிகாரி.

“அது சொல்லக்கூடாதுன்னு சொல்லியிருந்தாங்க சாமி.”

“யாரு சொன்னாங்க?”

அவள் சாரைப் பார்த்தாள். மண்டபம் முழுவதும் சிரித்தது. கம்பெனிக்காரர் கையை விரித்தார். பொய் சொல்லச் சொல்லிக் கொடுத்தவர்கள் என்று எங்களைப் பற்றி எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள். நினைத்ததில் பாதி உண்மைதானே.

நான் எழுந்து நின்றேன். எப்படி எழுந்தேன் என்று இன்றைக்கும் தெரியாது. மைக்கைக் கொண்டுவந்து நீட்டினார்கள்.

“எம் பேரு ஸ்டெல்லாங்க. அந்தப் பல்லி கூனக்கரட்டுல புடிச்சதுங்க. நான் கூட இருந்தேன். நாந்தானுங்க நூல் கட்டினேன்.”

“நீங்க டாக்டருங்களாம்மா?” என்றார் அதிகாரி.

“இல்லீங்க.”

“அந்த நிறுவனத்துல சம்பளம் வாங்கறவங்களா?”

“ஆமாங்க.”

“சரிங்க, குறிச்சுக்கறோம். உக்காருங்கம்மா” என்றார். அன்பாகத்தான் சொன்னார். கரட்டின் பெயரோடு அச்சான ஆதாரம் இருந்தால் கொடுங்கள், பரிசீலிக்கிறோம் என்று சாரிடமும் அன்பாகவே சொன்னார்.

சார் அன்று மாலையே பத்திரிகைக்குத் திருத்தம் எழுதி அனுப்ப நினைத்தார். இடத்தை மறைப்பது நிறுவனத்தின் விதி, மேலிடத்து அனுமதி வேண்டும் என்று நிர்வாகத்தில் சொன்னார்கள். அவர் கொண்டுவந்த விதியே அவர் கையைக் கட்டியது. அனுமதி வந்தது, திருத்தம் போனது, பத்திரிகைக்காரர்கள் விளக்கம் கேட்டார்கள், விளக்கம் போனது. திருத்தம் அச்சாவதற்கு முன்னால் குவாரிக்கு உத்தரவு வந்துவிட்டது.

கீர்த்தனா, கண்ணு, இதைத்தான் உன்னிடம் போனில் சொல்ல முடியவில்லை. திருடனுக்குப் பயந்து வீட்டு எண்ணை அழித்தோம். வீட்டை இடிக்க வந்தவன் இங்கே வீடே இல்லையே என்றான். திருடன் தேடித்தான் வர வேண்டும். குவாரிக்காரன் தேட வேண்டியதில்லை, அவன் கையில் சர்வே எண் இருக்கிறது. உன் தவளையைத் திருடுகிறவர்கள் வரலாம். ஆனால் உன் சோலையை வெட்டி ரோடு போடவும் ஓய்வுவிடுதி கட்டவும் போகிறவர்கள் உன் கட்டுரையைப் படிக்கவே போவதில்லை. அவர்களைத் தடுக்கும் அதிகாரம் உள்ளவர்களுக்காவது அந்தச் சோலையின் பெயர் அச்சில் தெரிய வேண்டும். வனத்துறைக்குச் சொன்னாயா? தாசில்தாருக்குச் சொன்னாயா? பஞ்சாயத்துக்குச் சொன்னாயா? சோலைக்குப் பக்கத்துத் தொழிலாளர் லயத்தில் குடியிருக்கிறவர்களிடம் என்ன சொல்லி வைத்திருக்கிறாய்? யாரிடமும் சொல்லாதீர்கள் என்றா? அப்படியென்றால் நாளைக்கே போய் மாற்றிச் சொல். யாரிடம் இல்லை என்று சொல்ல வேண்டும், யாரிடம் இருக்கிறது என்று கத்த வேண்டும் என்று பிரித்துச் சொல். எங்களுக்கு அதைச் சொல்ல ஒரு ஜீப் பயணம் முழுவதும் நேரம் இருந்தது. சொல்லவில்லை.

சாரைக் கேவலப்படுத்த எழுதுகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அவருக்கு இதை அனுப்பிப் படிக்கச் சொல்லிவிட்டுத்தான் கொடுக்கிறேன். “எதையும் எடுக்க வேண்டாமுங்க” என்று சொல்லிவிட்டார்.

வேலை தொடங்கும் முன் கடைசியாக ஒருமுறை கரட்டுக்குப் போனோம். அடிவாரத்தில் தகரக் கொட்டகை போட்டிருந்தார்கள். மேனேஜர் ஓடி வந்து டீ கொடுத்தார். “பல்லிதானுங்களே சார், எவ்வளவு வேணுமோ புடிச்சுக்குங்க. பசங்களக் கூட அனுப்பட்டுங்களா?” என்றார். உண்மையாகவே உதவி செய்கிற மனசோடு கேட்டார். அவரைத் திட்டக்கூட முடியவில்லை.

சார் துணிப் பைகள் கொண்டு வந்திருந்தார். வெடிக்கு முன்னால் முடிந்த மட்டும் பிடித்து வைத்துவிடலாம் என்பது அவர் யோசனை.

“புடிச்சு என்னங்க சார் செய்யறது?” என்றேன்.

“இருந்துச்சுங்கறதுக்கு அடையாளம் வேணுமுங்களே.”

“அடையாளம் ஏற்கெனவே பாட்டில்ல இருக்குதுங்க. நான் இனி இதுக்கு நூல் கட்ட மாட்டேனுங்க.”

அவரிடம் நான் மாட்டேன் என்று சொன்னது அந்த ஒரு தடவைதான். அவர் தொங்குபாறையின் நிழலில் போய் உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் பல்லிகள் வெளியே வந்தன. ஒரு ஆண் தொண்டையை உப்பிக் காட்டியது. பக்கத்து வெடிப்பில் முட்டைகள் ஒட்டியிருந்தன. சார் பைகளை மடித்து மடியில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தார். ஒன்றையும் பிடிக்கவில்லை.

இறங்கி வரும்போது ராமாத்தாள் வீட்டு வாசலில் நின்றாள். ஆடுகளைப் பாதிக்கு மேல் சந்தையில் விற்றுவிட்டாள். சார் அவள் முகத்தைப் பார்க்காமல் ஜீப்பை நோக்கி நடந்தார். அவள் என்னை நிறுத்தினாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“நான் வேற யாருகிட்டயும் சொல்லலீங்க அம்மணி. கூட்டத்துல எல்லாருஞ் சிரிச்சாங்கல்ல, அதுக்கப்பறம் பேப்பர்க்காரங்க வந்து கேட்டாங்க. பயந்துக்கிட்டு சொல்லல. இனிமேலாச்சும் சொல்லலாமுங்களா?”

“சொல்லுங்க” என்றேன். “கேக்கறவங்ககிட்டயும் சொல்லுங்க, கேக்காதவங்ககிட்டயும் சொல்லுங்க.”

“அந்தப் பேரு என்னமோ சொன்னாரே சாரு. எனக்கு வாயில நொழையாது. நான் கூனக்கரட்டுப் பல்லின்னே சொல்லிக்கட்டுங்களா?”

“அப்படியே சொல்லுங்க” என்றேன்.

மறுநாள் கரட்டின் வடக்கு முகத்தில் முதல் வெடி வைத்தார்கள். சார் அன்று லீவு போட்டிருந்தார்.